ஊசிக்கு வைத்த பொட்டு

மேனேஜர் ரமணனுக்கு மெஷின்களைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பச்சை விளக்கு எரிந்தால் எல்லாம் சரி. சிவப்பு எரிந்தால் யாரையாவது திட்ட வேண்டும். இவ்வளவு ஞானத்தை வைத்துக்கொண்டு எல்லநள்ளி டீ பேக்கிங் ஃபேக்டரியின் பெரிய நாற்காலிவரை ஒருவர் வந்துவிட முடிகிறது என்பதை நினைத்தால் வேணிக்குச் சிரிப்பாக வரும். ஆனால் அவர் எதிரே சிரித்ததில்லை. சிரிக்கிற நிலைமையில் அவள் இல்லை.

வேணி மூன்றாம் நம்பர் பேக்கிங் மெஷினை ஓட்டுகிறவள். சேர்ந்த நாளிலிருந்து டெம்பரவரி. அவள் மாமனார் இலங்கையிலிருந்து வந்த காலம்தொட்டுக் குடும்பம் ஓர் எஸ்டேட்டில் கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருந்தது. அந்த எஸ்டேட்டை ஒரு ரிசார்ட்காரன் வாங்கிவிட்டான். தை மாதம் காலி செய்துவிட வேண்டும் என்று ஆள் விட்டுச் சொல்லியாகிவிட்டது. கம்பெனி குவார்ட்டர்ஸில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. பெர்மனன்ட் ஆனவர்களுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். பெர்மனன்ட் ஆக்கச் சொல்லிப் பெயர் எழுதித் தரவேண்டியவர் ரமணன். ஆகவே வேணி வாயைக் கட்டிப் போட்டிருந்தாள். கண்ணைக் கட்டச் சொல்லி யாரும் கேட்காததால், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உறைபனி விழுகிற மாதங்களில் இந்த மலையில் காற்று காய்ந்துபோகும். அந்தக் காற்றில் பிளாஸ்டிக் ஃபிலிம் ரோலிலிருந்து உரிந்து ஓடினால் அதில் ஸ்டேட்டிக் ஏறிக்கொள்ளும். காய்ந்த தலையைச் சீப்பால் வாரினால் முடி எழுந்து நிற்கிறதே, அதே சமாச்சாரம். டீத்தூள் பாக்கெட்டின் அடியில் போய் விழாமல் ஃபிலிமின் வாய் ஓரத்தில் அப்பிக்கொள்ளும். தூளின்மேல் சீல் போட்டால் சீல் பிடிக்காது. கடைக்குப் போன பாக்கெட் ஓரம் விட்டுக் கொட்டும், பிறகு கடைக்காரர் வாயிலிருந்து வருவதையும் சேர்த்துச் சுமந்துகொண்டு மலையேறித் திரும்பி வரும்.

போன குளிர்காலம் முழுக்க இதே கதை. அதற்குத்தான் கோயம்புத்தூரில் இருக்கும் முதலாளி பாலசுப்பிரமணியம் ஒரு கருவி வாங்கி அனுப்பினார். சுவிட்சும் பச்சை விளக்கும் வைத்த ஓர் இரும்புப் பெட்டி. அதிலிருந்து ஒரு தடித்த ஒயர். ஒயரின் முனையில் ஃபிலிமுக்கு மேலே குறுக்காக மாட்டுகிற நீள பார். பாரின் அடியில் வரிசையாகக் கூர் ஊசிகள். பெட்டி ஆயிரக்கணக்கான வோல்ட்டை அந்த ஊசி முனைகளுக்கு அனுப்பும். முனைகளிலிருந்து கிளம்பும் மின்சாரம் கீழே ஓடும் ஃபிலிமின் ஸ்டேட்டிக்கைக் கழித்துவிடும். வேணிக்கு வேலை சுலபம். முதலில் பெட்டியைப் போட்டு, பச்சை வந்தபின் ஃபிலிமை ஓட்ட வேண்டும். மெஷின் நின்றால் பெட்டியையும் நிறுத்த வேண்டும். சனிக்கிழமைகளில் பெட்டியை அணைத்துவிட்டு ஊசிகளைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்ய வேண்டும்.

கருவி வந்து இறங்கியது ஆயுத பூஜைக்கு முன்தினம். ரமணனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பூஜை என்றால் அவருக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு வந்துவிடும். மெஷின் ஆயில் கேட்டுக் கிரீச்சிட்டால் ஆறு மாதம் காது கேட்காது. சந்தனக் கிண்ணம் எங்கே என்று மட்டும் விடிகாலையிலேயே தேடுவார். பூஜையன்று வேட்டி கட்டிக்கொண்டு வந்து, மெஷின், தராசு, தள்ளுவண்டி, குப்பைக்கூடை என்று எதையும் விடாமல் பொட்டு வைத்தார். கடைசியில் புதுக் கருவியிடம் வந்தார். பாரை இன்னும் மாட்டியிருக்கவில்லை. மேஜைமேல் ஊசிகள் வானத்தைப் பார்க்க மல்லாந்து கிடந்தது. தட்டு ஏந்தி நின்றவள் வேணி.

"இதுதான் இனி நம்ம கம்பெனியோட குலசாமி" என்றார் ரமணன். ஊசி ஊசியாக, நுனியில் சந்தனம் அப்பி அதன்மேல் குங்குமம் வைத்தார். பக்கத்து மெஷின் ஓட்டும் வாசுகி அதை அவருடைய போனில் படம் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு முறை முகம் சரியாக விழவில்லை என்று மறுபடி எடுக்கச் சொன்னார். வரிசையின் கடைசி ஊசிக்கு வந்தபோது போன் அடித்தது. "மீதிய நீ பாரு" என்று கிண்ணத்தை வேணியிடம் தள்ளிவிட்டுப் போய்விட்டார். அந்தப் படம் அவருடைய வாட்ஸ்அப் முகப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் மழை பிடித்தது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் ஊரே ஈரத்தில் ஊறிக் கிடந்தது. ஈரக் காற்றில் ஸ்டேட்டிக் எங்கே ஏறும்? ஒரு பாக்கெட்டும் திரும்பி வரவில்லை. ரமணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். "பார்த்தீங்களா? முறையா பூஜை போட்டு ஆரம்பிச்சா இப்படித்தான்" என்று வந்தவன் போனவனிடமெல்லாம் அளந்தார். மழை செய்த வேலைக்கு மாலையைத் தன் கழுத்தில் வாங்கிக்கொண்டார்.

மார்கழியில் வானம் தெளிந்து புல்லெல்லாம் வெளுத்தது. மூன்றாம் நம்பர் மெஷினில் தூள் அப்ப ஆரம்பித்தது. ஃபிலிம் பக்கம் கையைக் கொண்டுபோனால் வேணிக்குக் கைமுடி நட்டுக்கொண்டது, விரலில் சுள்ளென்று அடித்தது. பாக்கெட்டுகள் திரும்பி வரத் தொடங்கின. வேணி மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். அவர் வந்து பெட்டியைப் பார்த்தார்.

"பச்சை எரியுதில்ல? அப்புறம் என்னம்மா? மெஷின்ல ஒரு குத்தமும் இல்ல. ஓட்டற கையிலதான் இருக்கு."

அன்றிலிருந்து குற்றத்தைத் தேடும் படலம். முதலில் பெண்களின் வளையல்களில் தேடினார், கழற்றச் சொன்னார். பிறகு செருப்பில் தேடினார். அதற்கும் அடங்காமல், நைலான் ஸ்வெட்டர்தான் கரன்ட்டைக் கூட்டிவருகிறது என்று கண்டுபிடித்து, பேக்கிங் ஹாலில் யாரும் ஸ்வெட்டர் போடக்கூடாது என்று உத்தரவு போட்டார். தண்ணீர்க் குழாய் உறைந்துபோகிற காலையில் பெண்கள் பருத்திச் சேலையும் கம்பெனி கொடுத்த மெல்லிய கோட்டுமாகப் பல் கிட்டிக்க நின்றார்கள். உத்தரவு போட்டவர் பஞ்சு திணித்த பாலியஸ்டர் ஜெர்க்கினில் வந்து அவர்களைச் சோதனை போட்டார். வெட்டிப்போட்ட ஃபிலிம் துண்டுகள் பறந்து வந்து அந்த ஜெர்க்கினில் ஒட்டிக்கொண்டன. அவற்றைத் தட்டிவிட்டுக்கொண்டே அடுத்த பெண்ணின் கழுத்தில் எட்டிப் பார்த்தார், உள்ளே ஸ்வெட்டர் இருக்கிறதா என்று.

"இந்தாளுக்கு மூளைல ஸ்டேட்டிக் ஏறிப்போச்சுக்கா" என்றாள் பக்கத்து மெஷின் வாசுகி.

"ஏற அங்க எதாவது இருக்கணும்ல" என்றாள் வேணி.

சனிக்கிழமைகளில் அவள் பிரஷ் எடுத்து ஊசிகளைச் சுத்தம் செய்யத்தான் செய்தாள். பெட்டியை அணைத்து, குனிந்து, பாரின் அடியில் பிரஷ்ஷை விட்டு, ஊசிகளுக்கு நடுவில் படிந்த தூளைத் தட்டுவாள். நுனியில் கெட்டியாகக் காய்ந்திருந்த பொட்டுகளை மட்டும் தொடமாட்டாள். பூஜையில் வைத்த பொட்டை அடுத்த பூஜைவரை யாராவது சுரண்டுவார்களா? வீட்டு நிலைப்படியில் வைத்தது, அரிவாள்மணையில் வைத்தது, பஸ்ஸின் ஸ்டீயரிங்கில் வைத்தது, எதுவும் தானாக உதிர்ந்தால்தான் உண்டு. மேனேஜரின் பக்தியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிய வேணி, பிரஷ்ஷை அந்தப் பொட்டுகளைச் சுற்றிச் சுற்றித்தான் ஓட்டினாள். அதைப் பற்றி அவள் ஒரு கணமும் யோசித்ததில்லை.

திரும்பி வந்த பாக்கெட்டுகள் கோடவுனில் கூரையைத் தொட்டபோது முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. திங்கட்கிழமை கருவி விற்ற கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியரோடு தானே வருவதாகச் சொல்லிவிட்டார். ரமணன் அந்தச் செய்தி வந்த சாயங்காலமே ஹாலுக்கு வந்து எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

"வேணி, நல்லா கேட்டுக்க. மெஷின்லதான் கோளாறுன்னு அந்த இன்ஜினியர் சொல்லட்டும், பெர்மனன்ட்டுக்கு உன் பேரை அன்னிக்கே எழுதித் தர்றேன். ஓட்டறதுல கோளாறுன்னு சொன்னா, பொங்கலுக்கப்புறம் நீ இங்க வர வேண்டாம். அவ்வளவுதான்."

தாராளமாகச் சொன்னார். பச்சை விளக்கு எரிகிறதே, பயம் எதற்கு? வேணி அன்று வீட்டுக்குப் போனபோது அவள் புருஷன் ஏகநாதன் சாமான்களைக் கட்ட அட்டைப் பெட்டிகள் கொண்டுவந்து அடுக்கியிருந்தான். எந்த ஊருக்குக் கட்டுகிறோம் என்று அவனுக்கும் தெரியவில்லை. ஒரு விளக்கைத் தவிர எதையும் பார்க்கத் தெரியாத ஆள், அவள் குடும்பம் எங்கே படுக்க வேண்டும் என்று சொல்கிறார்.

திங்கட்கிழமை வந்த இன்ஜினியர் அஸ்வந்த் சின்ன வயசுக்காரன். கையில் கறுப்புக் கயிறு, காதில் புளூடூத். மெஷினை ஓட்டச் சொல்லிக் கொஞ்சம் பார்த்தான், பெட்டியை அணைத்தான், மிச்சக் கரன்ட் இறங்க எர்த் ஒயரை பாரில் வைத்து எடுத்தான், திருகுகளைக் கழற்றி பாரை மேஜைமேல் திருப்பிப் போட்டான். போட்டவன் அப்படியே நின்றுவிட்டான். ஒரு முனைகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. மஞ்சளும் சிவப்புமாக வரிசை முழுக்கக் காய்ந்து கட்டியாகிக் கிடந்தது.

"ஏனுங்க, இதுக்குக் கல்யாணம் ஏதாச்சும் பண்ணி வச்சீங்களா?" என்றான்.

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். "என்னப்பா இது?"

"சந்தனமுங்க. முனை அடைஞ்சிருச்சுன்னா பெட்டி எத்தனை வோல்ட் குடுத்தாலும் வெளிய ஒண்ணும் வராதுங்க. இத்தனை நாளும் இது சும்மாதான் நின்னுருக்குது."

"ஆனா பச்சை எரியுதே" என்றார் ரமணன்.

"பெட்டிக்குக் கரன்ட் வருதுன்னா எரியுமுங்க. ஊசி வேலை செய்யுதான்னு அதுக்கெங்க தெரியும்?"

முதலாளி நிமிர்ந்தார். "யாரு வச்சது இது?"

ஹாலில் எல்லா மெஷின்களும் நின்றிருந்தன. எல்லோருக்கும் தெரியும் யார் வைத்தது என்று. வாசுகி எடுத்த படம் அன்று காலைகூட எல்லோர் போனிலும் மேனேஜர் பெயருக்குப் பக்கத்தில் பல்லிளித்துக்கொண்டிருந்தது. ஆனால் ஹாலில் நின்றவர்கள் எல்லோரும் டெம்பரவரி.

"லேபர்ஸ்தாங்க சார்" என்றார் ரமணன். குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. "ஆயுத பூஜைன்னா இவங்களுக்குக் கண்ணு மண்ணு தெரியாது. சொன்னா, சாமி விஷயத்துல தலையிடறார்னு பேசுவாங்க. அதையும் விடுங்க, வாரா வாரம் இந்த ஊசியச் சுத்தம் பண்ண வேண்டியது இந்த வேணியோட வேலை. பண்ணியிருந்தா இது இருக்குமா? நான் அப்பவே சொன்னேன், ஓட்டறவங்க கிட்டத்தான் குத்தம்னு."

குவார்ட்டர்ஸ் வீட்டின் பச்சைக் கதவு வேணியின் கண்முன்னால் வந்து சாத்திக்கொண்டது. இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு சுத்தமாகச் சொல்ல முடிந்த மனிதனால், ஓர் ஊசியைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியவில்லை. அவள் பதில் சொன்னாலும் எடுபடாது. சுத்தம் செய்யவேண்டியது அவள்தான் என்பதும் பொய்யில்லை. அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது.

"சரி, முதல்ல வேலையாகட்டும்" என்றார் முதலாளி.

ரமணன் ஸ்பிரிட் பாட்டிலையும் பிரஷ்ஷையும் எடுத்து வேணியிடம் நீட்டினார். "தொடை."

வேணி கையை நீட்டவில்லை. அவளுக்கே தெரியாமல் வாய் திறந்தது.

"நான் தொடக்கூடாதுங்க சார். பூஜைல வச்ச பொட்ட வச்ச கைதான் எடுக்கணும். வேற கை பட்டா, வச்சவங்க குடும்பத்துக்கு ஆகாது. வீட்டுல நல்ல காரியம் எதாச்சும் இருந்தா அது அப்படியே நின்னுபோகும்பாங்க. எங்க லைன்ல ஒரு வீட்டுல அப்படித்தான் ஆச்சு."

எந்த லைனிலும் எந்த வீட்டிலும் அப்படி ஆனதில்லை. அப்படி ஒரு சட்டத்தை வேணி அந்த நிமிஷம்தான் இட்டுக்கட்டினாள். ரமணனின் மகளுக்குத் தை கடைசியில் கல்யாணம் என்பது மட்டும் நிஜம், பத்திரிகை கொடுத்துக்கொண்டிருந்தார். அது தெரிந்தேதான் சொன்னாள். இரக்கம் துளியும் வரவில்லை.

வாசுகி இரண்டடி பின்னால் போனாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் பின்வாங்கினார்கள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நான் தொடைச்சர்றேன்" என்று அஸ்வந்த் பிரஷ்ஷை வாங்கினான். வாங்கியவன் மணிக்கட்டில் இருந்த கறுப்புக் கயிற்றைப் பார்த்தான், பாரைப் பார்த்தான், பிரஷ்ஷை மேஜைமேல் வைத்துவிட்டான். "இல்லீங்க, அவங்க சொல்றாங்கன்னா எதுக்கு வம்பு."

இன்ஜினியரிங் படித்தவனின் லட்சணம் அது.

"ஏம்மா, யாரு வச்சீங்களோ வந்து எடுத்துருங்க. ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார் முதலாளி. ஒருத்தியும் நகரவில்லை. ரமணனின் பார்வை ஊசிகளைவிட்டு அசையவில்லை. அந்தக் குளிரில் அவர் மீசைமேல் வேர்த்திருந்தது. முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. "ஆகறது ஆகட்டும், குடுங்க, நானே எடுக்கறேன்" என்று பிரஷ்ஷை எடுத்துக் குனிந்தார்.

"சார், வேண்டாங்க."

ரமணன் பாய்ந்து வந்து அந்தப் பிரஷ்ஷைப் பிடுங்காத குறையாக வாங்கினார். செருப்பைக் கழற்றினார். மேஜை முன்னால் நின்று, உதடு அசைய என்னவோ முணுமுணுத்துக்கொண்டு, முதல் ஊசியில் பிரஷ்ஷை வைத்தார்.

பொட்டு வைத்தது யார் என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை. முதலாளி கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டி வேடிக்கை பார்த்தார். ரமணன் ஒவ்வொரு ஊசியாகச் சுரண்டினார். உதிர்ந்த சந்தனப் பொடியைக் கீழே சிந்தவிடாமல் ஒரு காகிதத்தில் பிடித்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டார். பாதி வரிசை போவதற்குள் அவர் நெற்றி மஞ்சள் பூசிய சுவர் மாதிரி ஆகிவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டும் வாசுகிக்குத் தோள் குலுங்கியது. வேணி சிரிக்கவில்லை, ரசித்தாள். அசடு வழிகிற முகம் எத்தனையோ பார்த்திருக்கிறாள், சந்தனத்தோடு வழிந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

வரிசை முடியப் போகும்போது ரமணன் நின்றார். ஒரே ஓர் ஊசி பாக்கி இருந்தது.

"இது என்னுது இல்லீங்க சார்" என்றார்.

"என்ன?" என்றார் முதலாளி.

"இத நான் வைக்கல. எனக்கு அப்பப் போன் வந்துருச்சு. இது வேணி வச்சது." சொல்லிவிட்டு வேணியை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் பழிவாங்குகிற குரூரம்கூட இல்லை. அடுத்தவர் பொட்டில் கை வைத்துவிடப் போகிறோமே என்கிற சுத்தமான பயம்.

எல்லோரும் வேணியைப் பார்த்தார்கள். கிண்ணம் அவள் கைக்கு வந்த அன்று, மேனேஜர் போனில் பேசிக்கொண்டே வெளியே போனபின், யாரும் பார்க்காத நேரத்தில் அவள் அந்தக் கடைசி ஊசிக்குப் பொட்டு வைத்தாள். வைக்காமல் தட்டைக் கீழே வைத்திருக்கலாம். வைத்ததும் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆமாங்க சார். நான் வச்சதுதான்" என்றாள்.

"என்ன வேண்டிக்கிட்டு வச்சே?" முதலாளிக்கு வேடிக்கை தீரவில்லை.

பொய் சொல்லியிருக்கலாம்; இவ்வளவு நேரம் சொன்னவள்தானே. வரவில்லை. "குவார்ட்டர்ஸ் வீடு கிடைக்கணும்னுங்க. எங்க லைன் வீட்டத் தையில காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

"அதுசெரி. ஊசிய அடைச்சுப்போட்டு ஊடு கேட்டிருக்கே." முதலாளி பிரஷ்ஷைக் காட்டினார். "எடு பார்க்கலாம். மெஷின் ஓடுச்சுன்னா மத்ததப் பேசலாம்."

வேணி பிரஷ்ஷை வாங்கினாள். கொஞ்ச நேரத்துக்கு முன் தன் வாயாலேயே பெற்றுப்போட்ட சட்டம் அது. தலையும் கிடையாது, காலும் கிடையாது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பிரஷ்ஷை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறோம் என்பதே அவளுக்குப் பாதம் சில்லிட்டபோதுதான் உறைத்தது. பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள், அடுக்கி வைத்த அட்டைப் பெட்டிகள் நினைவுக்கு வந்தன. மனசுக்குள், மன்னிச்சுக்க சாமி, மெஷினுக்காகத்தான் எடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பொட்டைச் சுரண்டினாள்.

அஸ்வந்த் ஸ்பிரிட்டால் எல்லா முனைகளையும் ஒரு தடவை துடைத்து, பாரை மாட்டி, பெட்டியைப் போட்டான். பச்சை எரிந்தது. இந்தத் தடவை யாரும் அதைப் பார்க்கவில்லை. வேணி மெஷினை ஓட்டினாள். ஃபிலிம் அலையாமல் இறங்கியது. தூள் நேராக அடியில் போய் விழுந்தது. முதலாளி ஒரு பாக்கெட்டை எடுத்து அமுக்கிப் பார்த்தார், குலுக்கினார், கவிழ்த்தார். ஒன்றும் கொட்டவில்லை. அந்தச் சமயம் பார்த்து வாசுகி, மேனேஜர் ஹாலில் கொடுத்த வாக்கை அவர் காதில் போட்டுவைத்தாள்.

"மெஷின்ல கோளாறுன்னா இந்தப் பொண்ணுக்கு எழுதித் தர்றேன்னு சொன்னீங்களாமே, ரமணன்?"

"சொன்னேங்க சார்."

"பெட்டில கோளாறு இல்ல. ஓட்டறதுலயும் இல்ல. ஆனா உங்க பொட்டு பூரா மெஷின்லதான இருந்துச்சு? எழுதிக் குடுங்க. சாவியும் குடுத்துருங்க. அப்புறம் ஆபீசுக்கு வாங்க, நாம கொஞ்சம் பேசணும்."

ரமணன் செருப்பை மாட்டிக்கொண்டு, சந்தனப் பொட்டலத்தைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டபடி முதலாளி பின்னால் போனார். ஹால் கதவு சாத்தும்வரை காத்திருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதல் வேலையாக எல்லோரும் ஸ்வெட்டரை எடுத்து மாட்டினார்கள்.

"அந்த நெத்தியப் பார்த்தியா?" என்றாள் வேணி. "இந்த மாதிரி மூடப்பயலுங்கதான் நமக்கு மேனேஜர்."

சிரித்துக்கொண்டிருந்த வாசுகி அவளைப் பார்த்ததும் நிறுத்தினாள். பிறகு இன்னும் பெரிதாகச் சிரித்தாள்.

"அக்கா, உன் நெத்திய மொதல்ல பாரு."

பெட்டியின் பளபளப்பான மூடியில் வேணி குனிந்து பார்த்தாள். பச்சை விளக்குக்குப் பக்கத்தில் அவள் முகம். புருவங்களுக்கு நடுவே அந்தக் கடைசி ஊசியின் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. எப்போது எடுத்து இட்டுக்கொண்டாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. மேனேஜருக்கும் அவளுக்கும் அளவில்தான் வித்தியாசம். வெட்கமாகப் போயிற்று.

துடைக்கக் கையைக் கொண்டுபோனாள். ஆபீஸ் ரூம் கதவு இன்னும் சாத்தியே இருந்தது. சாவி அதற்குள்ளேதான் இருந்தது. கையை இறக்கிக்கொண்டாள். முதலில் சாவி வரட்டும், அப்புறம் துடைத்துக்கொள்ளலாம்.